ஒன்பதாம் தெர்மிடோர்: ரோபஸ்பியர் வீழ்ந்தது எப்படி?

புரட்சியின் வழியாக ஆட்சிக்கு வந்த ஒரு தலைவர் கவிழும்போதெல்லாம் அரசியல் கட்டுரைகளில் 'தெர்மிடோர்' என்ற சொல் தலைகாட்டுகிறது. அது ஒரு மாதத்தின் பெயர். பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் பழைய நாட்காட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வகுத்த ஆண்டில், ஜூலை பிற்பாதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் கோடை மாதம். இரண்டாம் ஆண்டு தெர்மிடோர் 9, அதாவது 1794 ஜூலை 27 அன்று, புரட்சி அரசின் முன்னணித் தலைவர் மாக்சிமிலியன் ரோபஸ்பியர், நாட்டின் சட்டமன்றமான தேசியப் பேரவையின் பாரிஸ் அவைக்குள்ளேயே கைது செய்யப்பட்டார். மறுநாள் மாலை கில்லட்டினில் அவர் தலை விழுந்தது.

பயங்கர ஆட்சி நடத்தினார், மக்கள் வெறுத்தார்கள், வீழ்ந்தார் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். நடந்ததோடு இந்தச் சுருக்கம் மூன்று இடங்களில் ஒட்டவில்லை.

1. அவரை வீழ்த்துவதில் முன்னின்றவர்களில் பலர் அவரைவிட அதிகமாக ரத்தம் பார்த்தவர்கள். லியோன் நகரில் ஏறத்தாழ 1,900 பேரின் மரண தண்டனைக்குப் பொறுப்பானவர்கள் பேரவை உறுப்பினர்களான ஃபூஷேயும் கொல்லோ தெர்புவாவும். கைதிகளை வரிசையாக நிறுத்திப் பீரங்கியால் சுட வைத்தவர்கள் அவர்கள்.
2. அவர் வீழ்ந்தது தோல்வியின்போது அன்று. 1794 ஜூன் 26-இல் ஃப்ளோரூஸ் போரில் பிரெஞ்சுப் படை ஆஸ்திரியரை முறியடித்து, எல்லைக்கு இருந்த ஆபத்தை நீக்கிய ஒரு மாதத்தில்.
3. 1789, 1792, 1793 ஆகிய ஆண்டுகளில் தெருவில் இறங்கி அரசின் போக்கையே மாற்றிய பாரிஸ் மக்கள், இம்முறை அவரைக் காக்கவும் வரவில்லை, கவிழ்க்கவும் வரவில்லை.

இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பொருந்தும் விளக்கம் வேண்டுமானால், அதிகாரம் எங்கே இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதிகாரம் யாரிடம் இருந்தது?

ரோபஸ்பியர் அரசரோ அதிபரோ பிரதமரோ அல்லர். அர்ராஸ் நகரத்து வழக்கறிஞர். 1792 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசியப் பேரவையில் ஓர் உறுப்பினர். அந்தப் பேரவை 1793 ஏப்ரலில் அமைத்த பொதுப் பாதுகாப்புக் குழுவில் ஜூலை மாதம் சேர்ந்தார். பன்னிருவர் கொண்ட அக்குழுவின் அதிகாரத்தைப் பேரவை மாதந்தோறும் வாக்களித்துப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தவிர, கைதுகளையும் உளவையும் கவனித்த காவல் குழு என்ற இரண்டாவது குழு தனியாக இயங்கியது. வழக்குகளைப் புரட்சி நீதிமன்றம் விசாரித்தது. பாரிஸ் நகராட்சி தனக்கென ஆயுதப் படை வைத்திருந்தது; அதற்குக் கீழே 48 வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கூட்டம், சொந்தப் பீரங்கி. இவை அனைத்துக்கும் வெளியே, எந்தச் சட்ட அதிகாரமும் இல்லாமல் எல்லாவற்றையும் உலுக்கவல்ல ஜாக்கோபின் கழகம் என்ற அரசியல் சங்கம் இருந்தது.

ஆக, ரோபஸ்பியரின் பலம் பதவியிலிருந்து வந்ததன்று. லஞ்சம் வாங்காதவர் என்ற பெயர், ஜாக்கோபின் மேடை, பாரிஸ் வட்டாரங்களின் ஆதரவு, பேரவை உறுப்பினர்களின் ஒப்புதல் ஆகிய நான்கு கால்களில் அது நின்றது. பேரவையின் பெரும்பான்மை, அவையின் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்ததால் 'சமவெளியினர்' என்று அழைக்கப்பட்ட, எந்த அணியிலும் சேராத உறுப்பினர்கள். அவர்கள் ரோபஸ்பியரை நேசித்ததாகச் சொல்ல முடியாது. போர் நெருக்கடியில் வேறு வழியில்லை என்று வாக்களித்துவந்தார்கள்.

அந்த நெருக்கடி மெய்யானது. 1793 கோடையில் மேற்கே வாந்தே பகுதியில் உள்நாட்டுப் போர். லியோனும் மார்செய்யும் பாரிஸுக்கு எதிராகக் கிளர்ந்திருந்தன. ஆகஸ்டில் தூலோன் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே ஆகஸ்டில் இங்கே புதுச்சேரிக் கோட்டையும் அவர்களிடம் சரணடைந்தது. செப்டம்பரில் சந்தேகத்துக்குரியோர் சட்டம் வந்தது. அக்டோபர் 10-இல், 'சமாதானம் வரும் வரை இந்த அரசு புரட்சி அரசாகவே இருக்கும்' என்று பேரவை அறிவித்து, மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டிருந்த புதிய அரசியல் சட்டத்தைக் கிடப்பில் போட்டது. அந்தச் சட்டத்தின் பிரதி ஒரு தேவதாருப் பெட்டியில் வைக்கப்பட்டது. அடக்குமுறைக்குக் காலக்கெடுவை அந்த அறிவிப்பே விதித்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. வெற்றி வந்தால் அதன் நியாயம் முடிந்துபோகும்.

இரு பக்கமும் வெட்டியதன் விலை

1794 வசந்தத்தில் ரோபஸ்பியர் சார்ந்த குழு இரண்டு எதிர்ப்புகளைச் சந்தித்தது. எபேரின் அணி இன்னும் கடுமை வேண்டும், பதுக்கல்காரர்களைத் தண்டிக்க வேண்டும் என்றது; அதற்கு வட்டாரங்களிலும் நகராட்சியிலும் வேர் இருந்தது. டாண்டனின் அணி போதும், கைதிகளை விடுவியுங்கள் என்றது. அதற்குப் பேரவையில் நண்பர்கள் இருந்தார்கள். மார்ச் 24-இல் எபேரும், ஏப்ரல் 5-இல் டாண்டனும் கொல்லப்பட்டார்கள்.

அரசியல் கணக்கில் இது வெற்றியாகத் தோன்றலாம். ஆனால் முன்சொன்ன நான்கு கால்களில் இரண்டு இந்தப் பன்னிரண்டு நாளில் அறுந்தன. எபேருக்குப் பின் பாரிஸின் புரட்சிப் படை கலைக்கப்பட்டது, வட்டாரச் சங்கங்கள் மூடப்பட்டன, நகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் குழு தன் ஆட்களை நியமித்தது. நகராட்சி இதனால் ரோபஸ்பியருக்கு முழு விசுவாசம் கொண்டதாயிற்று, சரிதான். ஆனால் அந்த நகராட்சி கூப்பிட்டால் வட்டாரங்கள் ஓடிவர வேண்டிய கட்டாயம் இனி இல்லை. டாண்டனின் கைதோ பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி சொன்னது: 1792-இல் புரட்சியைத் தூக்கி நிறுத்திய டாண்டனுக்கே பாதுகாப்பு இல்லையென்றால், யாருக்கு இருக்கிறது?

ரோபஸ்பியரின் நெருங்கிய தோழர் சான்-ஜூஸ்த் அந்த ஆண்டின் குறிப்புகளில் 'புரட்சி உறைந்துவிட்டது' என்று எழுதினார். இருபத்தாறு வயது இளைஞரின் இந்த ஒரு வரியில் இருக்கும் தெளிவு, அவர் அணியின் நீண்ட பேச்சுகளில் இல்லை. உறையவைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.

பிரேரியால் 22-ஆம் நாள் சட்டம்

வீழ்ச்சிக்கான காரணங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காட்டுவது 1794 ஜூன் 10-இல், புதிய நாட்காட்டியில் பிரேரியால் 22 அன்று, இயற்றப்பட்ட சட்டத்தைத்தான். ரோபஸ்பியரின் சகா கூத்தோன் அதை அவையில் முன்வைத்தார். அதன் சாரம் இது:

1. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லை. பழிசுமத்தப்பட்ட தேசபக்தர்களுக்குத் தேசபக்த நடுவர்களையே சட்டம் காப்பாளர்களாகத் தருகிறது, சதிகாரர்களுக்கு எவரையும் தருவதில்லை என்று அதன் வாசகம் கூறியது.
2. வேறு சான்று இருந்தால் சாட்சிகளை விசாரிக்கத் தேவையில்லை. அந்தச் சான்று மனத்துக்குப் படுவதாக இருந்தாலும் போதும்.
3. தீர்ப்பு இரண்டே: விடுதலை அல்லது மரணம்.
4. 'மக்களின் எதிரி' யார் என்ற பட்டியலில் பொய்ச் செய்தி பரப்புவோர், பொதுக் கருத்தைத் திசைதிருப்புவோர், ஒழுக்கத்தைக் கெடுப்போர் எல்லாரும் சேர்க்கப்பட்டார்கள்.

அவையில் ருவாம் என்ற உறுப்பினர் எழுந்து, இதை ஒத்திவைக்காமல் நிறைவேற்றினால் தன் தலையைத் தானே சுட்டுக்கொள்வதாகக் கத்தினார். உறுப்பினர்கள் நடுங்கியது வழக்கறிஞர் இல்லை என்பதற்காகவா? அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பல கடுமையான சட்டங்களுக்குக் கை தூக்கியவர்கள். நடுக்கம், சட்டத்தின் ஓர் ஓரத்தில் இருந்த இடைவெளியைப் பற்றியது. பேரவை உறுப்பினர் ஒருவரை நீதிமன்றத்துக்கு அனுப்பப் பேரவையின் அனுமதி வேண்டும் என்ற விதி இருந்தது. புதிய சட்டத்தின் வாசகப்படி அந்த அனுமதி தேவையா, இல்லையா என்பது தெளிவாக இல்லை. மறுநாள் ரோபஸ்பியரும் கூத்தோனும் இல்லாத நேரம் பார்த்து, அந்த உரிமை பேரவைக்கே உரியது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். அதற்கடுத்த நாள் இருவரும் வந்து, சேர்த்தவர்களைக் கடுமையாகச் சாடி, அந்த வாசகத்தை நீக்க வைத்தார்கள்.

அடக்குமுறை ஆட்சி அச்சத்தால் நிற்கிறது என்பது பாதி உண்மை. எல்லை தெரிந்த அச்சம்தான் ஆட்சியைத் தாங்கும். பிரபுக்களும் பதுக்கல்காரர்களும் எபேரின் ஆட்களும் அஞ்ச வேண்டும், நான் அடங்கியிருந்தால் தப்பிவிடுவேன் என்று ஒருவர் நம்பும் வரை அவர் அடங்கியே இருப்பார். அடங்கியிருந்தாலும் தப்ப முடியாது என்ற ஐயம் வந்த அன்று, கணக்கு தலைகீழாகிறது: சும்மா இருப்பதற்கும் எதிர்ப்பதற்கும் ஒரே விலை. ஜூன் 11, 12 ஆகிய இரு நாளும் சேர்ந்து அந்த ஐயத்தைப் பேரவை முழுவதும் விதைத்துவிட்டன.

சட்டத்தின் விளைவு எண்களில் தெரியும். பாரிஸில் அதற்கு முந்தைய பதினைந்து மாதங்களில் மரண தண்டனை பெற்றவர்கள் 1,251 பேர். அதன் பின் ஏழு வாரங்களில் 1,376 பேர். சிறைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். ஜூன் நடுவில் கில்லட்டின் நகரின் கிழக்குக் கோடியில் இருந்த 'கவிழ்ந்த அரியணைச் சதுக்க'த்துக்கு மாற்றப்பட்டது. ஆறு வாரங்களில் அங்கே மட்டும் 1,306 பேர் கொல்லப்பட்டார்கள். கைதிகளின் வண்டிகள் அன்றாடம் சென்றது செயின்ட் ஆந்துவான் தொழிலாளர் பகுதியின் வழியாக. 1789-இல் பாஸ்தி சிறைக்கோட்டையைத் தகர்க்க மக்கள் புறப்பட்ட அதே தெருக்கள்.

ஒரு நாளை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஜூன் 17 அன்று ஒரே தொகுதியாக 54 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். செசில் ரெனோ என்ற இளம்பெண் இரண்டு சிறு கத்திகளோடு ரோபஸ்பியரின் வீட்டு வாசலில் பிடிபட்டிருந்தாள். அவளோடு அவள் தந்தை, அண்ணன், அத்தை முதல் அவளை முன்பின் அறியாதவர்கள் வரை அந்த வண்டிகளில் இருந்தார்கள். அனைவருக்கும் சிவப்புச் சட்டை அணிவிக்கப்பட்டது. பிரெஞ்சு வழக்கப்படி அது தந்தையைக் கொன்றவருக்கு உரிய உடை. இதை ஏற்பாடு செய்தது ரோபஸ்பியருக்கு வேண்டாத காவல் குழு. அவரைக் கொல்ல நினைப்பது தந்தையைக் கொல்வதற்குச் சமம் என்றால், அவர் நாட்டுக்குத் தந்தை, அதாவது அரசர் என்றாகிறது. மரியாதை செய்வதுபோல் செய்த பழி அது.

குழுக்களுக்குள் விரிசல்

இதே மாதங்களில் குழுக்களுக்குள்ளும் பகை முற்றியது. பொதுப் பாதுகாப்புக் குழு தனக்கென ஒரு போலீஸ் அலுவலகம் தொடங்கியதைக் காவல் குழு உறுப்பினரான வாதியே (Vadier) என்பவர் தன் எல்லைக்குள் நுழைந்ததாகவே கண்டார். படைகளை நடத்திய கார்னோவுக்கும் சான்-ஜூஸ்த்துக்கும் இடையே வாய்ச்சண்டை. ஜூன் 8-இல் பரம்பொருளை வணங்க அரசே நடத்திய திருவிழாவில் ரோபஸ்பியர் பேரவைத் தலைவராக முன்னே நடந்தபோது, பின்னால் வந்த உறுப்பினர்கள் காது கேட்கவே கேலி பேசினார்கள்.

இதற்கு ரோபஸ்பியர் காட்டிய எதிர்வினை விளங்கிக்கொள்ளக் கடினமானது. ஜூன் இறுதி முதல் அவர் குழுக் கூட்டங்களுக்குப் போவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டார். உடல்நலக் குறைவும் சோர்வும் காரணமாக இருக்கலாம். ஜாக்கோபின் கழகத்தில் மட்டும் பேசினார். ஜூலை 14-இல் ஃபூஷேயைக் கழகத்திலிருந்து நீக்க வைத்தார். மாகாணங்களில் எல்லைமீறி நடந்து திருப்பி அழைக்கப்பட்ட ஃபூஷே, தாலியன், பர்ரா ஆகியோருக்குத் தங்கள் முறை வரும் என்பது உறுதியாயிற்று. ஃபூஷே இரவில் வீடு வீடாகப் போய், உன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவந்தார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதப்பட்ட பட்டியல் என்று ஒன்றே தேவைப்படவில்லை.

வெளியே ஃப்ளோரூஸ் வெற்றி. சமாதானம் வரும் வரை என்று சொன்ன அரசு, எல்லை பாதுகாப்பான பிறகும் முன்னைவிட வேகமாகக் கொல்வதற்கு என்ன காரணம் சொல்லும்? சமவெளியினருக்கு இனி வாய்மூடி இருக்கக் காரணம் குறைந்துவிட்டது.

பெயர் சொல்லாத பேச்சு

தெர்மிடோர் 8 அன்று, பல வார இடைவெளிக்குப் பின் ரோபஸ்பியர் பேரவையில் எழுந்து சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். சதி நடக்கிறது, குழுக்களுக்குள்ளேயே துரோகிகள் இருக்கிறார்கள், அவர்களைக் களைய வேண்டும் என்றார். யார் என்று தெளிவாகச் சொல்லவில்லை. நிதித்துறையைச் சாடியபோது அதைக் கவனித்துவந்த காம்போனின் பெயர் வந்தது. காம்போன் உடனே மேடைக்குப் பாய்ந்து, ஒரே ஒரு மனிதர் பேரவையின் விருப்பத்தை முடக்கிவைத்திருக்கிறார், அவர் ரோபஸ்பியர் என்றார். பெயர்களைச் சொல் என்று அவையில் குரல்கள் எழுந்தன. அவர் மறுத்தார். பேச்சை அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பலாம் என்று முதலில் எடுத்த முடிவை அவை திரும்பப் பெற்றது.

இந்தப் பிழையை அவருடைய அரசியல் வாழ்வின் மிகப் பெரிய தவறு என்றே சொல்வேன். ஐந்தாறு பேரைச் சொல்லியிருந்தால், மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சோடு அந்த ஐந்தாறு பேரைக் கைகழுவியிருப்பார்கள். டாண்டன் விஷயத்தில் செய்தது அதைத்தான். பெயர் சொல்லாததால் ஒவ்வொருவரும் தன் பெயரையே கேட்டார்கள்.

அன்றிரவு ஜாக்கோபின் கழகத்தில் அதே பேச்சைப் படித்துக் கைதட்டல் பெற்றார். அங்கிருந்து துரத்தப்பட்ட பொதுப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள் கொல்லோவும் பியோ-வாரெனும் நேராகக் குழு அலுவலகத்துக்குப் போனார்கள். ஃபூஷேயைப் போல் பதுங்கியிருந்தவர்களோ அந்த இரவைச் சமவெளித் தலைவர்களின் ஒப்புதலைப் பெறுவதற்குச் செலவிட்டார்கள். மறுநாள் அவைத் தலைவர் இருக்கையில் கொல்லோ. சான்-ஜூஸ்த் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் தாலியன் குறுக்கிட்டார். ரோபஸ்பியர் வாய் திறந்தபோதெல்லாம் மணி அடிக்கப்பட்டது, 'கொடுங்கோலன் ஒழிக' என்ற கூச்சல் எழுந்தது. கடைசியில் கைதுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் லூஷே என்ற, அதுவரை யாரும் பெரிதாகக் கவனித்திராத உறுப்பினர். ரோபஸ்பியரோடு சான்-ஜூஸ்த், கூத்தோன், தம்பி ஒகுஸ்தான், ஆதரவாளர் லெபா ஆகியோர் கைதானார்கள்.

காலியான சதுக்கம்

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியதில்லை. நகராட்சி எச்சரிக்கை மணி அடித்தது. சிறைகளுக்கு இவர்களை ஏற்கக் கூடாது என்று உத்தரவு போனது. ரோபஸ்பியரை லுக்சம்பூர்க் சிறை திருப்பி அனுப்பியது. நகர மண்டபத்தின் முன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பீரங்கிகளோடு கூடினார்கள். பேரவையிடம் அந்த நேரத்தில் இவ்வளவு படை இல்லை.

ஆனால் 48 வட்டாரங்களில் ஆள் அனுப்பியவை ஒரு சிறு பகுதி மட்டுமே. காரணங்கள் இரண்டு. முதலாவது, வட்டாரத் தலைவர்களாக இருந்தவர்கள் ஏற்கெனவே கொல்லப்பட்டோ ஒடுக்கப்பட்டோ இருந்தார்கள். இரண்டாவது, கூலி. ஜூலை 23 அன்று, நான்கே நாள் முன்பு, நகராட்சி ஊதிய உச்சவரம்புப் பட்டியலை வெளியிட்டிருந்தது; சில தொழில்களில் அது நடப்புக் கூலியைப் பாதிக்கும் கீழே இறக்கியது. தச்சுத் தொழில் முதலாளி துய்ப்லேயின் வீட்டில் குடியிருந்த ரோபஸ்பியருக்கு இந்தப் பட்டியலின் கசப்பு எட்டவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

ரோபஸ்பியர் நகர மண்டபத்துக்கு வரவே தயங்கினார். புரட்சி நீதிமன்றம் 1793-இல் பேரவை உறுப்பினரும் பத்திரிகையாளருமான மாராவை விடுவித்ததுபோல் தன்னையும் விடுவிக்கும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். கடைசியில் வந்தபோது, இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. பேரவை இதற்குள் அவர்களைச் சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டவர்களாக அறிவித்திருந்தது. பிடிபட்டால் விசாரணை கிடையாது, ஆளை அடையாளம் காட்டினால் போதும். செய்தி பரவ, உத்தரவுக்காக மணிக்கணக்கில் நின்ற ஆட்கள் சதுக்கத்திலிருந்து சிறுசிறு கூட்டமாகக் கலைந்தார்கள். அதிகாலை இரண்டு மணியளவில் பர்ராவின் படை நுழைந்தபோது தடுக்க ஆளில்லை. லெபா தன்னைச் சுட்டுக்கொண்டார், ஒகுஸ்தான் சன்னலிலிருந்து குதித்தார், ரோபஸ்பியரின் தாடை குண்டடிபட்டுச் சிதைந்தது. அவரே சுட்டுக்கொண்டாரா, காவலர் ஒருவர் சுட்டாரா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. அவருடைய சொந்த வட்டாரத்துக்கு ஆதரவு கேட்டு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில் அவர் கையொப்பம் 'Ro' என்ற முதல் இரண்டு எழுத்தோடு நிற்கிறது.

ஜூலை 28 மாலை அவரும் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். வழியில் கூட்டம் ஊதியப் பட்டியலைத் திட்டிக் கூச்சலிட்டது. அடுத்த நாள் நகராட்சியைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் அதே வழியில் போனார்கள். பாரிஸ் பார்த்த மிகப் பெரிய தொகுதி அதுதான்.

பிறகு நடந்தவை

வென்றவர்களில் கொல்லோ, பியோ-வாரென் போன்றோருக்கு அடக்குமுறையை நிறுத்தும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆளை மாற்றினால் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் கைக்கு வந்த உரிமையைச் சமவெளியினர் விடவில்லை: ஆகஸ்ட் 1-இல் பிரேரியால் சட்டம் நீக்கப்பட்டது, சிறைகள் திறந்தன, நவம்பரில் ஜாக்கோபின் கழகம் மூடப்பட்டது, டிசம்பரில் நாந்த் நகரில் கைதிகளை ஆற்றில் மூழ்கடித்த காரியே என்பவர் அதே கில்லட்டினுக்குப் போனார். கொல்லோவும் பியோ-வாரெனும் கயானாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஃபூஷே தப்பினார், பின்னாளில் நெப்போலியனின் காவல்துறை அமைச்சரானார். நடந்த எல்லாக் கொலைகளையும் இறந்த ஒருவர் தலையில் போடுவது உயிரோடு இருந்த பலருக்கு வசதியாக இருந்தது. ரோபஸ்பியரைப் பற்றி இன்று நாம் படிக்கும் சித்திரத்தில் அந்த வசதியின் கைவண்ணமும் உண்டு. நாடு முழுவதும் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 17,000 பேரில் பாரிஸில் இறந்தவர்கள் 2,600 பேர்தான்.

டிசம்பரில் விலை உச்சவரம்பும் நீக்கப்பட்டது. காகிதப் பணம் மதிப்பிழந்தது, அந்தக் குளிர்காலம் கொடியதாக இருந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. 1795 ஏப்ரலிலும் மே மாதத்திலும் தெர்மிடோர் இரவில் வீட்டில் இருந்துவிட்ட அதே வட்டாரத்து மக்கள் பேரவைக்குள் புகுந்தார்கள். அவர்கள் எழுப்பிய முழக்கம்: 'ரொட்டியும் 1793 அரசியல் சட்டமும்.' தேவதாருப் பெட்டியில் வைத்து மூடப்பட்டிருந்த அந்தச் சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை.